தவறி ஊதிய விசில்: பூஜ்யம்

தவறே செய்யாத அமைப்புகள் உலகில் மிகச் சில. அவற்றில் ஒன்று யாங்கோனில் இருக்கிறது. அதன் பெயர் யாங்கோன் அமெரிக்கக் கால்பந்து நடுவர் சங்கம். நான் அதன் செயலாளர்.

சென்ற பருவத்தில் நாங்கள் பதினான்கு ஆட்டங்களை நடத்தினோம். தவறி ஊதப்பட்ட விசில் ஒன்றுகூட இல்லை. அமெரிக்காவில்கூட இப்படி ஒரு பருவம் வாய்த்ததில்லை என்று எங்கள் தலைவர் சொல்கிறார். அவர் அமெரிக்கா போனதில்லை. ஆகவே பாரபட்சமில்லாமல் சொல்கிறார் என்று எடுத்துக்கொள்ளலாம்.

ஆட்டத்தைப் பற்றிச் சுருக்கமாகச் சொல்கிறேன். அமெரிக்கக் கால்பந்தில் காலுக்கு வேலை குறைவு. பந்தும் உருண்டை இல்லை. உரித்த தேங்காயை இரண்டு பக்கமும் பிடித்து இழுத்ததுபோல் இருக்கும். அதை ஒருவன் அக்குளில் இடுக்கிக்கொண்டு ஓடுவான். எதிரணியினர் அவன்மேல் விழுவார்கள். ஓடுகிறவனைப் பிடித்து, அவன் முழங்கால் தரையில் பட்டதும் ஆட்டம் 'செத்துவிடும்'. நடுவர் உடனே விசில் ஊத வேண்டும். விசில் கேட்கும்வரை மேலே விழலாம். கேட்டபின் விழக் கூடாது. ஆக, கீழே கிடக்கிறவனுக்கும் மேலே வருகிறவர்களுக்கும் நடுவில் இருப்பது ஒரு விசில் மட்டும்தான். இதை இப்போதே சொல்லிவைக்கிறேன். பின்னால் தேவைப்படும்.

இந்த ஆட்டத்தை இங்கே கொண்டுவந்தவர் ஓர் ஆங்கிலப் பள்ளியின் அமெரிக்க ஆசிரியர். விடுமுறைக்கு என்று ஊருக்குப் போனார். வரவில்லை. அவர் விட்டுப்போன சாக்குப்பையில் நான்கு பந்துகளும் ஒரு விதிப்புத்தகமும் கறுப்பு வெள்ளைக் கோடு போட்ட ஏழு சட்டைகளும் இருந்தன. ஏழு சட்டைகள் இருந்ததால் ஏழு நடுவர்கள் வேண்டும் என்று முடிவு செய்தோம். விதிப்புத்தகமும் ஏழு என்றுதான் சொல்கிறது என்பது பிறகு தெரிந்தது. அதைச் சங்கத்தின் முதல் வெற்றியாகப் பதிவு செய்தோம்.

சட்டைக்குப் பொருத்தமான வெள்ளைக் கால்சட்டைகள் பையில் இல்லை. ஆகவே சட்டைக்குக் கீழே லோஞ்சி கட்டிக்கொண்டோம். இடுப்பில் முடிச்சுக் குத்தி நிறுத்தும் இந்தக் கைலி, ஓடினால் அவிழும். பர்மாவில் பிறந்த ஆண் ஒரு நாளைக்குப் பத்துப் பதினைந்து தடவை அதை அவிழ்த்து உதறிக் கட்டுவான். யாரும் அதைக் கவனிப்பதில்லை, கட்டுகிறவன் உட்பட.

வீரர்களின் தலைக்கவசங்கள் நகருக்கு வெளியே மாவ்பியிலிருந்து வந்தவை. யாங்கோன் நகருக்குள் மோட்டார் சைக்கிள் ஓடக் கூடாது, மாவ்பியில் ஓடலாம். தோள் திண்டுகள் லைங் தாயா தையல் ஆலைகளில் மிஞ்சிய பஞ்சில் தைத்தவை. மைதானமும் லைங் தாயாவில்தான், ஓர் ஆலைக்குப் பின்னால், ஞாயிற்றுக்கிழமை காலைகளில்.

இவையெல்லாம் சில்லறை விஷயங்கள். சங்கத்தின் உண்மையான பணி வேறு. விசிலை எப்படி வைத்துக்கொள்வது?

இந்தக் கேள்விக்காக 'விசில் விருப்பத் துணைக்குழு' அமைக்கப்பட்டது. பபேடானில் எங்கள் தலைவர் ஜுல்ஃபிகர் ஹாஜியாரின் இரும்புக் கடை மாடியில் அது பதினேழு அமர்வுகள் கூடியது. விதிப்புத்தகத்தை வாசிக்க ஓர் அமர்வுகூட மிஞ்சவில்லை.

ஹாஜியார் வாய்க் கட்சி.

"விசிலு வாயிலதான் இருக்கணும். பச்சப்புள்ளைக்குப் பால் புட்டி மாதிரி. வேணுங்கிற நேரத்துல தேடிக்கிட்டு இருக்கக் கூடாது" என்றார்.

கைக் கட்சிக்குத் தலைவர் ஊ வடிவேல். துறைமுகத்தில் சரக்கு எண்ணிக்கை எழுத்தராக இருந்து ஓய்வு பெற்றவர். பெரியவர்கள் பெயருக்கு முன்னால் 'ஊ' சேர்ப்பது பர்மிய மரியாதை. என்னைப் போன்ற இளையவர்களுக்குக் 'கோ' போதும்.

"வாயில இருந்தா மூச்சு விட்டாலே ஊதிப்புடும், ஹாஜியார்" என்றார் ஊ வடிவேல். "கையில இருக்கணும். கையிலேருந்து வாய்க்கு வர்றதுக்குள்ள ஒரு செகண்டு ஆகும். அந்த ஒரு செகண்டுலதான் மனுசனுக்குப் புத்தி வரும்."

"உங்களுக்கு ஒரு செகண்டு பத்துமா, ஊ வடிவேல்?"

"பத்தாது. அதுக்குத்தான் கயித்த நீளமா வச்சிருக்கேன்."

ஷாநவாஸ் நடுநிலை. பள்ளிவாசல் தெருவில் கைப்பேசி பழுது பார்க்கிறவர். வாயில் ஒன்று, கையில் ஒன்று என்று இரண்டு விசில்கள் வைத்திருந்தார். எதை ஊதுவது என்று கேட்டால், "நெலமையப் பாத்து முடிவெடுப்பேன்" என்பார்.

அடுத்த பிரச்சினை மணி. விசிலுக்குள் உருளுமே ஒரு தக்கை உருண்டை, அதுதான் மணி. மணி விசிலில் சத்தம் நடுங்கி நடுங்கி வரும். மணியில்லா விசில் ஒரே கீச்சாகக் குத்தும். ஹாஜியாருக்கு மணி விசில்தான் பிடிக்கும். அதில் ஒரு கம்பீரம் இருக்கிறது என்பார். ஆனால் ஹாஜியாருக்குக் குன்யாவும் பிடிக்கும். குன்யா என்றால் சுண்ணாம்பும் பாக்கும் வைத்து மடித்த வெற்றிலைப் பொட்டலம். யாங்கோனில் தெருவுக்கு நான்கு கடை. குன்யாச் சாறு மணியில் ஊறி, மணி வீங்கி, விசில் அடைத்துக்கொண்டது. ஒரு நாள் முழு மூச்சையும் திரட்டி ஊதினார். சத்தம் வரவில்லை. சிவப்புத் துளிகள் வந்தன. எதிரில் நின்ற வீரர் தனக்குத்தான் அடிபட்டிருக்கிறது என்று நினைத்து, தானாகவே வெளியே போய் உட்கார்ந்துகொண்டார்.

இந்தச் சங்கத்தில் என்னைச் சேர்த்தது என் மனைவி மஞ்சுளா. ஞாயிற்றுக்கிழமை முழுவதும் ஜன்னலைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருப்பதற்கு இது மேல் என்றாள். என் விசிலை வாங்கியதும் அவள்தான், பபேடானில் ஒரு நடைபாதைக் கடையில். கடைக்காரர் தடுப்பதற்குள் எடுத்து ஊதிப் பார்த்தாள். இரண்டு டாக்சிகள் நின்றன.

"இதையே குடுங்க" என்றாள் கடைக்காரரிடம். என்னிடம், "நீங்க எதுக்கெடுத்தாலும் யோசிச்சுக்கிட்டே நிப்பீங்க. இதையாச்சும் சட்டுனு ஊதுங்க" என்றாள்.

அந்த மழைக்காலத்தில் அவளுக்குக் காய்ச்சல் வந்தது. ஆஸ்பத்திரிக்குப் போகலாமா என்று முதல் நாள் கேட்டாள். என்ன காய்ச்சல் என்று உறுதியாகத் தெரியட்டும் என்றேன். இரண்டாம் நாளும் அதையே சொன்னேன். நான்காம் நாள் உறுதியாகத் தெரிந்தது. டெங்கு. இரண்டு நாள் முன்னால் கூட்டிவந்திருக்கலாமே என்றார் டாக்டர்.

பதினான்கு மாதம் ஆகிறது. இது சங்க விஷயம் அல்ல. நடுவர் பதிவேட்டில் 'விசில் பெறப்பட்ட விதம்' என்று ஒரு கட்டம் இருக்கிறது. அதற்காகச் சொன்னேன்.

சங்கம் மஞ்சுளாவுக்காக இரண்டு நிமிடம் மௌனம் காத்தது. பிறகு விசில் கயிற்றின் நிறம் குறித்த விவாதம், விட்ட இடத்திலிருந்து தொடர்ந்தது.

இனி எங்கள் சாதனைக்குக் காரணமான படிவத்துக்கு வருகிறேன்.

நான்கு பயிற்சி ஆட்டங்கள் வரை மற்ற நடுவர்கள் எல்லா ஊர் நடுவர்களையும்போல ஊதிக்கொண்டுதான் இருந்தார்கள். ஐந்தாவது ஆட்டத்தில், பருவம் இன்னும் கணக்கில் ஏறாத பயிற்சி நாட்களில், ஒரு வீரர் பந்தோடு ஓடினார். அவரைச் சுற்றி இருபது அடிக்கு ஆள் இல்லை. எல்லைக் கோட்டைத் தொட வேண்டியதுதான் பாக்கி. அப்போது ஷாநவாஸுக்கு விக்கல் வந்தது. வாயில் விசில் இருந்தது. விசில் கேட்டால் ஆட்டம் செத்துவிடும், யார் எதற்கு ஊதினாலும் சரி. அந்த வீரர் கோட்டுக்கு மூன்றடி முன்னால் நின்றுவிட்டார். அவர் பார்த்த பார்வையை ஷாநவாஸ் இன்றும் கனவில் காண்கிறார்.

"விக்கலுக்கு நான் என்ன பண்ண முடியும்?" என்றார் ஷாநவாஸ்.

"தண்ணி குடிச்சிட்டு வந்திருக்கலாம்" என்றார் ஊ வடிவேல்.

இப்படித் தவறி ஊதுவதுதான் நடுவர் செய்யக்கூடிய ஆகப் பெரிய பாவம் என்று சங்கம் ஏகமனதாக அறிவித்தது. இனி அது நிகழாமல் தடுக்கப் படிவம் எண் மூன்று இயற்றப்பட்டது. அதில் பத்தொன்பது கேள்விகள். எதற்காக ஊதினீர்? ஊதும்போது பந்து உமது கண்ணில் பட்டதா? எந்தக் கண்ணில்? கடைசியாக எப்போது சாப்பிட்டீர்? மைதானத்தின் வரைபடம் ஒன்றும் இணைக்க வேண்டும். ஒவ்வொரு விசிலுக்கும் ஒரு படிவம், மூன்று பிரதிகள்.

ஊதாதவர் எதையும் நிரப்ப வேண்டியதில்லை.

பலன் உடனே தெரிந்தது. பருவத்தின் முதல் ஆட்டத்தில் முப்பத்தெட்டு விசில்கள். இரண்டாவதில் ஒன்பது. மூன்றாவதில் ஊ வடிவேல் ஒரு முறை ஊதினார். அதுவும் இடைவேளைக்கு. அதற்கும் ஹாஜியார் படிவம் கேட்டார். நான்காவது ஆட்டத்திலிருந்து எங்கள் மைதானத்தில் நிலவிய அமைதியை எந்தத் தியான மண்டபத்திலும் காண முடியாது. ஆட்டம் எப்படி நின்றது என்று வெளியாட்கள் கேட்கிறார்கள். குவியலின் அடியில் கிடப்பவர் "யபாதே, யபாதே" என்று கத்துவார். போதும், பரவாயில்லை என்று பொருள். மேலே கிடப்பவர்கள் களைத்ததும் எழுந்துகொள்வார்கள். மனிதர்களிடம் இயல்பாகவே ஒரு நியாய உணர்வு உண்டு என்பதை இது காட்டுகிறது.

சங்கத்துக்கு ஒரு வாசகம் வேண்டும் என்றார் ஹாஜியார். நான் பட்டதாரி என்பதால் என்னிடம் ஒப்படைத்தார். 'உறுதி செய்; பிறகு ஊது' என்று எழுதிக் கொடுத்தேன். பாராட்டினார்கள். நான் அதிகம் யோசிக்கவில்லை. எனக்கு ஏற்கெனவே பழகிய வாசகம்தான்.

இன்னொரு விதியும் நானே எழுதினேன். ஒரு விசில் சரியா தவறா என்று சர்ச்சை வந்தால், சம்பவ இடத்துக்கு மிக அருகில் நின்ற நடுவர் எழுதிக் கொடுப்பதே முடிவு. மேல்முறையீடு கிடையாது. யாரும் ஊதாததால் இந்த விதிக்கு வேலை வரவில்லை.

பருவம் முழுவதும் ஒரு தடவைகூட ஊதாதவருக்கு ஒரு கேடயம் உண்டு. 'தவறா நடுவர்' என்று அதற்குப் பெயர். மற்ற எல்லோரும் நான்காவது ஆட்டத்துக்கு முன்னால் ஒரு முறையாவது ஊதியிருந்தார்கள். நான் ஊதவில்லை. இறுதி ஆட்டத்துக்கு முந்தின வாரமே கேடயத்தில் என் பெயரைப் பொறித்துவிட்டார்கள்.

இறுதி ஆட்டம் பபேடான் பருந்துகளுக்கும் லைங் தாயா ஊசிகளுக்கும். ஊசிகள் தையல் ஆலைத் தொழிலாளர்கள். அவர்களில் வேகமாக ஓடுகிறவன் முஜிபுர் ரஹ்மான். துணி வெட்டும் பிரிவில் வேலை. இருபத்திரண்டு வயது. எல்லோருக்கும் முஜி. அன்று அவனுடைய அக்கா ரஹீமாவும் பார்க்க வந்திருந்தாள். அவளும் ஆலையில்தான் இருக்கிறாள். தொழிலாளர்களை ஏற்றி இறக்கும் ஆலைப் பேருந்தை இங்கே ஃபெரி என்பார்கள். ஃபெரிக்கு ஆளேற்றுவது அவள் பொறுப்பு. அவள் விசில் ஊதினால் ஏற வேண்டும். இரண்டு தடவை ஊதினால் வண்டி புறப்படும்.

இரவு முழுக்க மழை பெய்திருந்தது. முஜி பந்தை வாங்கினான். பதினோரு எட்டு ஓடினான். ஒருவன் இடுப்பைப் பிடித்தான். சேற்றில் வழுக்கி முழங்கால் தரையில் பட்டது.

நான் நான்கு எட்டுத் தூரத்தில் நின்றேன். முழங்காலைப் பார்த்தேன். அக்குளில் பந்தைப் பார்த்தேன். என் கையில் விசில் இருந்தது.

ஹாஜியார் வாயில் அப்போதுதான் போட்ட குன்யா. துப்ப இடம் தேடிக்கொண்டிருந்தார். ஊ வடிவேலின் லோஞ்சி அவிழ்ந்துவிட்டது. இரண்டு கையாலும் பிடித்து உதறிக் கட்டிக்கொண்டிருந்தார். ஷாநவாஸ் தம் இரண்டு விசில்களையும் மாறி மாறிப் பார்த்தார். நிலைமை அவருக்கு இன்னும் புலப்படவில்லை. மற்ற மூன்று நடுவர்களும் என்னைப் பார்த்தார்கள். நான்தான் அருகில் நின்றேன்.

நான் உறுதி செய்துகொண்டிருந்தேன்.

இரண்டாவது ஆள் விழுந்தான். மூன்றாவது ஆள். முஜி "யபாதே" என்றான். நான்காவது ஆள் விழுந்தபோது அவன் ஒன்றும் சொல்லவில்லை. ஐந்தாவது ஆள் விழுந்தபோது ஒரு சத்தம் கேட்டது. விசில் சத்தம் இல்லை.

அதன்பிறகுதான் விசில். கோட்டுக்கு வெளியிலிருந்து, கீச்சென்று, இரண்டு தடவை. குவியல் அப்படியே எழுந்தது. மைதானத்தின் மறுகோடியில் ஓடிக்கொண்டிருந்தவர்களும் நின்றார்கள். ஊசிகள் அணியில் மூன்று பேர் திரும்பிச் சாலையை நோக்கி நடக்கவே தொடங்கிவிட்டார்கள். வண்டி புறப்படுகிறது என்று அவர்கள் கால்களுக்குத் தெரியும்.

முஜி மட்டும் எழவில்லை. இடது காலின் கீழ் எலும்பு முறிந்திருந்தது. "ரெண்டாவது ஆளோட நின்னிருந்தா சுளுக்கோட போயிருக்கும்" என்றார் கட்டுப்போட்ட டாக்டர். டாக்டர்களுக்கு எப்போதும் அந்த இரண்டு தெரிந்திருக்கிறது.

சங்கம் அதிர்ச்சியில் ஆழ்ந்தது. எங்கள் மைதானத்தில் ஒரு விசில்! ஒரு பருவத்தின் பரிசுத்தம் ஒரு நொடியில் போனது. அதுவும் அங்கீகாரம் இல்லாத நபரால். முஜியின் கால் விரைவில் குணமாக வேண்டும் என்ற தீர்மானம் ஒரு வரியில் நிறைவேறியது. மீதி மூன்று பக்கம் விசில் பற்றியது.

அடுத்த சனிக்கிழமை மாலை ஹாஜியார் கடை மாடியில் விசாரணை. ரஹீமா வேலை முடிந்து நேராக வந்தாள். முகத்தில் காலையில் பூசிய தனக்கா மரப்பட்டைச் சாந்து இன்னும் காய்ந்திருந்தது. நாங்கள் ஏழு பேரும் கோடு போட்ட சட்டையில் வரிசையாக உட்கார்ந்திருந்தோம்.

"பேரு?" என்றார் ஹாஜியார்.

"என்னைத் தெரியாதா, ஹாஜியார்? எங்க வாப்பா இந்தக் கடையிலதானே இருவது வருசம் ஆணி நிறுத்தாங்க."

"இது விசாரணை. தெரிஞ்சாலும் கேக்கணும்."

"ரஹீமா."

"விசிலு என்ன ரகம்? மணி உண்டா, இல்லையா?"

"ஆரஞ்சுக் கலரு."

"ரகம் கேட்டேன்."

"ஃபெரி ரகம். ஊதுனா நாப்பத்தஞ்சு பேரு ஏறுவாங்க. உங்க விசிலுக்கு எத்தன பேரு ஏறுவாங்க?"

ஷாநவாஸ் சிரித்துவிட்டுப் பிறகு இருமலாக மாற்றினார். ஊ வடிவேல் ஆவலோடு முன்னால் சாய்ந்தார்.

"இங்க பாரும்மா. இது ரொம்ப முக்கியம். ஊதுறதுக்கு முன்னாடி அது வாயில இருந்துச்சா, கையில இருந்துச்சா?"

"பையில இருந்துச்சு."

பையில்! பதினேழு அமர்வுகளில் துணைக்குழு இப்படி ஒரு நிலையைப் பரிசீலித்ததே இல்லை. ஊ வடிவேல் மெல்ல விரல் மடக்கினார். "பைய அவுத்து, உள்ள கைய விட்டு, தேடி எடுத்து, வாயில வச்சு..." பாதியில் நிறுத்திவிட்டார். எங்கே போய் முடியும் என்று அவருக்கே தெரிந்துவிட்டது.

ஹாஜியார் நிலைமையை மீட்டார்.

"பந்தப் பாத்தியா? அதச் சொல்லு. பந்தப் பாக்காம ஊதக் கூடாதுங்கிறது விதி."

"பந்த எதுக்கு நான் பாக்கணும்? நான் என் தம்பியப் பாத்தேன்."

"ஆட்டம் செத்துருச்சுன்னு உனக்கு உறுதியாத் தெரியுமா?"

"ஆட்டம் சாகுறவரைக்கும் அவன் தாங்க மாட்டான்னு தெரியும்."

இது கேள்விக்குப் பதிலாகாது என்று பதிவு செய்யப்பட்டது.

ஹாஜியார் ஒரு தாளை அவள் பக்கம் நகர்த்தினார். மன்னிப்புக் கடிதம். நான்தான் தட்டச்சு செய்திருந்தேன். 'அங்கீகாரமின்றித் தவறி ஊதியதற்கு வருந்துகிறேன்.' கையெழுத்துப் போட்டால் விவகாரம் முடியும். போடாவிட்டால் அவளுடைய குடும்பத்தார் யாரும் இனி மைதானத்தில் இறங்க முடியாது. முஜியின் பெயர் வீரர் பதிவேட்டிலிருந்து நிரந்தரமாக அடிக்கப்படும்.

ரஹீமா தாளை முழுதும் வாசித்தாள். அவளுக்குத் தமிழ் எழுத்துக் கூட்டித்தான் வரும். நேரமானது. யாரும் அவசரப்படுத்தவில்லை. பொறுமை எங்கள் சங்கத்தின் குணம்.

"அவன் செவுத்தப் பாத்துப் படுத்திருக்கான்" என்றாள். "யாரு வந்தாலும் திரும்ப மாட்டேங்கிறான். ஒண்ணே ஒண்ணுதான் கேக்குறான். கட்டுப் பிரிச்சப்புறம் ஓட முடியுமா, அடுத்த வருசம் ஊசியில சேத்துக்குவாங்களான்னு. பேரையும் அடிச்சிட்டீங்கன்னா அவன் எதுக்காக எந்திரிக்கணும், ஹாஜியார்?"

"அப்ப கையெழுத்துப் போடும்மா. ஒரு நிமிச வேல."

"தப்பா ஊதுனேன்னு எழுத மாட்டேன். அது தப்புன்னா, அடுத்த தடவ ஒருத்தன் கீழ கெடந்தா நானும் உங்க மாதிரி நின்னு பாக்கணும். என்னால முடியாது."

தாளை மடித்து மேசையில் வைத்தாள். எழுந்தவள் என் பக்கம் திரும்பினாள்.

"கார்த்தி அண்ணே, நீங்கதானே பக்கத்துல நின்னீங்க. நீங்க பாக்கலியா?"

விசாரணையின்போது செயலாளர் பேசக் கூடாது என்பது விதி. அந்த விதியை எழுதியதும் நான்தான். பேனாவைப் பார்த்துக்கொண்டிருந்தேன். அவள் படியிறங்கும் சத்தம் கேட்டது.

"நல்ல புள்ளதான். வாய்தான் கொஞ்சம் நீளம்" என்றார் ஹாஜியார். பிறகு என் அருகில் நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டார். "கோ கார்த்தி, இப்ப எல்லாம் உங்க கையிலதான். பக்கத்துல நின்னவரு எழுதுறதுதான் முடிவு. நீங்களே எழுதுன விதி. 'பந்து கண்ணில் படவில்லை, ஆட்டம் உயிரோடு இருந்தது.' ஒரு வரி போதும். அந்த விசிலு தப்புன்னு ஆயிடும். வெளியாளு ஊதுனது, நம்ம கணக்குல ஏறாது. நம்ம பேரு நிக்கும்."

"முஜி பேரு?" என்றேன்.

"சின்னப் பையன். வேற ஆட்டம் இல்லியா? செஸ் விளையாடட்டும். கால் வேண்டியதில்ல."

"அவசரம் இல்ல, கோ கார்த்தி" என்றார் ஊ வடிவேல் அன்போடு. "நாளைக்குப் பொதுக்கூட்டத்துல வாசிச்சாப் போதும். நல்லா யோசிச்சு, உறுதி பண்ணிக்கிட்டு எழுதுங்க."

வீட்டுக்கு வந்தேன். விசிலைக் கழற்றி மேசையில் வைத்தேன். அது இன்னும் புதிது. மஞ்சுளா ஊதியதற்குப் பிறகு அதை யாரும் ஊதவில்லை. கடைக்காரர் சீட்டு கயிற்றில் அப்படியே ஒட்டியிருந்தது.

படிவம் எண் மூன்றை எடுத்தேன். முதல் கேள்வி: எதற்காக ஊதினீர்? எனக்குப் பொருந்தாது. இரண்டாவதும் பொருந்தாது. பத்தொன்பது கேள்விகளும் பொருந்தவில்லை. எதற்காக ஊதவில்லை என்று கேட்கும் படிவம் இருக்கிறதா என்று சங்கக் கோப்பைப் புரட்டினேன். கயிற்றின் நிறத்துக்குக்கூடப் படிவம் இருந்தது. அதற்கு இல்லை. வெள்ளைத் தாள் ஒன்றை எடுத்தேன். எழுதக் கால் மணி நேரம்தான் ஆனது. இதில் உறுதி செய்ய ஒன்றுமில்லை.

மறுநாள் காலை பொதுக்கூட்டம். நான்கு அணிகளின் வீரர்களும் வந்திருந்தார்கள். எல்லோருக்கும் மொஹிங்கா, அதாவது மீன் குழம்பு ஊற்றிய நூடுல்ஸ், வந்திருந்தது. கேடயம் மேசை நடுவில் சிவப்புத் துணி மூடி இருந்தது. கடைசி வரிசையில் ரஹீமா. அவளுக்குப் பக்கத்தில் இரண்டு நாற்காலிகளில் முஜி, ஒன்றில் அவன், இன்னொன்றில் அவன் கால். சுவரைப் பார்க்காமல் என்னைப் பார்த்தான்.

ஹாஜியார் சங்கத்தின் பெருமைகளைப் பேசினார். வாய்க் கட்சியும் கைக் கட்சியும் இவ்வளவு கருத்து வேறுபாட்டுக்கு நடுவிலும் ஒற்றுமையாக இயங்கிய விதத்தை எடுத்துச் சொன்னார். அது உண்மை. இறுதி ஆட்டத்தில் எங்களைப்போல் ஒற்றுமையாக நின்றவர்களை நான் பார்த்ததில்லை. பிறகு என்னை அறிக்கை வாசிக்கச் சொன்னார்.

வாசித்தேன்.

"சம்பவ இடத்துக்கு மிக அருகில் நின்ற நடுவர் என்ற முறையில் எழுதித் தருவது. முஜிபுர் ரஹ்மானின் முழங்கால் தரையைத் தொட்டதை நான் பார்த்தேன். பந்தையும் பார்த்தேன். இரண்டு கண்ணாலும் பார்த்தேன். ஆட்டம் அப்போதே செத்துவிட்டது. ரஹீமா ஊதிய விசில் சரியான விசில். தாமதமான விசில். தாமதம் அவருடையது அல்ல. அவர் பையில் தேடி எடுத்து ஊதும்வரை எங்களுக்கு நேரம் இருந்தது. இது முடிவு. விதிப்படி மேல்முறையீடு இல்லை. வீரர் பதிவேட்டில் எந்தப் பெயரும் அடிக்கப்படாது."

கடைசி வரிசையில் ஒரு நாற்காலி கிறீச்சிட்டது. ஹாஜியார் குன்யாவை மெல்வதை நிறுத்திவிட்டார். ஊ வடிவேலின் கை தன்னையறியாமல் லோஞ்சி முடிச்சுக்குப் போனது.

"பருவத்தின் இறுதிக் கணக்கு" என்று தொடர்ந்தேன். "தவறி ஊதிய விசில்: பூஜ்யம்."

ஹாஜியாரின் முகம் தெளிந்தது. அவர் கைதட்டினார். மற்ற நடுவர்களும் தட்டினார்கள்.

"ஊதத் தவறிய விசில்: எட்டு."

கைதட்டல் நின்றது. ஹாஜியார் நடுவர்களை ஒவ்வொருவராகப் பார்த்து விரல் மடக்கினார். மறுபடி முதலிலிருந்து எண்ணினார்.

"நாம ஏழு பேருதானே, கோ கார்த்தி" என்றார். "எட்டு எப்பிடி வரும்?"

"என் பேருல ரெண்டு, ஹாஜியார்" என்றேன்.